முன்மொழியப் பத்துப் பேர்

தணிகாசலத்துக்கு இந்த முறை சீட்டு இல்லை என்பது போன வாரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடைக்குத் தெரிந்து, காய்கறிக் கடைக்குத் தெரிந்து, கடைசியாகத்தான் வீட்டுக்குத் தெரிந்தது. இரண்டு தடவை சட்டமன்றத்துக்குப் போன மனுஷனை ஓரங்கட்டிவிட்டு, தியாகராய நகரில் மூன்று மாடி பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை பாலகணேஷின் பெயரை டிவியில் வாசித்துவிட்டார்கள். கட்சியில் சேர்ந்து முழுசாக இரண்டு தீபாவளி கழியவில்லை அந்தப் பிள்ளைக்கு.

அதைக்கூடத் தின்று செரித்திருக்கலாம். நேற்று மாலை மாவட்டச் செயலாளர் கருணாகரன் மேற்கு மாம்பலம் வீட்டுக்கு மாடியேறி வந்து, பெண்டாட்டி தேவானை கொடுத்த காபியைக் குடித்து முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொல்லிவிட்டுப் போனார் பாருங்கள், அதுதான் தொண்டையில் நின்றுவிட்டது.

"பாலகணேஷுக்கு நீங்கதான் மாற்று வேட்பாளரா மனு போடணும்ணே. தலைமையோட விருப்பம்."

மாற்று வேட்பாளர் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அசல் வேட்பாளரின் மனு ஏதாவது கோளாறில் தள்ளுபடி ஆகிவிட்டால் கட்சி அம்போவென்று நிற்கக் கூடாதே என்று கூடவே இன்னொரு ஆளையும் மனுப் போட வைப்பார்கள். அசல் மனு ஏற்கப்பட்டதும் அந்த மனு குப்பைக்குப் போய்விடும். பெரும்பாலும் பெண்டாட்டியையோ மச்சானையோதான் போடுவது. கட்சிக்காரர்கள் வாயில் அதற்குப் பெயர் டம்மி.

இன்று மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள்.

காலையில் தணிகாசலம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மீசைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார். தேவானை கதவில் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னா முடிவு பண்ண?"

"இன்னாத்த முடிவு பண்றது? தலைமை சொல்லிட்சி. கட்டுப்பாடுன்னு ஒண்ணு கீது இல்ல?"

"அந்தப் பாத்திரக்கடைப் புள்ளைக்கு நீ டம்மியா?"

"டம்மின்னு சொல்லாத. மாற்று வேட்பாளர்."

"யோவ், ரெண்டு வாட்டி டம்மியா குந்திகினு வந்தவ நானு. என்னாண்டயே பேரு மாத்திச் சொல்றியா?"

அது நிஜம். அவர் நின்ற இரண்டு தேர்தலிலும் அவள்தான் மாற்று. புதுப் புடவை கட்டிவிடுவார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டோ எடுக்கும்போது சிரிக்க வேண்டும். மறுநாள் அவள் மனு தள்ளுபடி என்று அறிவிக்கும்போது கட்சிக்காரர்கள் எல்லாரும் கைதட்டுவார்கள். முதல் தடவை அவளுக்கு ஒன்றும் புரியாமல், "நான் எதுனா தப்பாப் போட்டுட்டேனா?" என்று கேட்டாள். சுற்றியிருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தணிகாசலமும்தான் சிரித்தார்.

பெண்டாட்டிக்கு அது ஒரு நாள் கூத்து. இரண்டு தடவை எம்எல்ஏவாக இருந்தவனுக்கு?

"சுயேச்சையா நில்லுய்யா," என்றாள் தேவானை.

பிரஷ் பாதி மீசையில் நின்றது.

"ஜெயிக்க மாட்டேன் தேவான."

"யாரு ஜெயிக்கச் சொன்னா? தோத்துட்டு வா. தோத்தவன்னா நாலு பேரு அய்யோ பாவம்னு சொல்லுவான். டம்மின்னா சிரிப்பான். பொம்பளப் புள்ளயக் கட்டிக் குடுக்கணும் நாம. நாளைக்கு வர சம்பந்தி இன்னான்னு கூப்புடுவான் உன்ன?"

உள்ளறையிலிருந்து மகள் மணிமொழி வந்தாள். மயிலாப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. இன்றைக்கென்று லீவு போட்டிருந்தாள். ராத்திரியே எல்லாவற்றையும் போனில் தேடிப் படித்து வைத்திருக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நைனா, அம்மா சொல்றது முடியும். கட்சி வேட்பாளருக்கு ஒருத்தர் முன்மொழிஞ்சா போதும். சுயேச்சைன்னா பத்துப் பேர் முன்மொழிஞ்சு கையெழுத்துப் போடணும். பத்துப் பேருக்கும் நம்ம தொகுதியில வோட்டு இருக்கணும். அவ்ளோதான்."

தேவானைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு நாளைக்கு அப்புறம் அந்த வீட்டில் யாராவது சிரித்தது அப்போதுதான்.

"பத்து பேரா? நம்ம பழைய பனந்திட்டு சனத்தாண்ட ஒரு கொரல் குடுத்தா நூறு பேரு வருவான். இதுக்குத்தான் நீ ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தியா?"

தணிகாசலம் பிரஷைக் கிண்ணத்தில் வைத்தார். அவர் முகத்தில் என்னவோ ஓடி மறைந்தது. சாயம் எரிகிறதோ என்று தேவானை நினைத்துக்கொண்டாள்.

"நீயே போய்க் கேட்டுப் பாரு," என்றார். "நான் போய்க் கேட்டா நல்லா இருக்காது."

சம்மதம் என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் எடுத்துக்கொண்டாள் அவள். மணிமொழி மனுப் படிவத்தைத் தாள் உறையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குள்ளேயே இரண்டு கையெழுத்து விழுந்தது, தாயும் மகளும். மீதி எட்டு. மூன்று மணிக்கு அலுவலகக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

முதலில் கீழ்வீட்டு சந்திரிகா மாமி. "உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்? ஆனா எங்காத்துல இவர் பாலிடிக்ஸ்னாலே எழுந்து போயிடறவர். அவரைக் கேட்டுண்டுதான் நான் எதுலயும் கையெழுத்துப் போடறது. தப்பா நெனச்சுக்காதீங்கோ," என்று மாமி வாசல் கம்பிக் கதவுக்கு உள்ளேயிருந்தே சொல்லிவிட்டாள். போகட்டும், அது வேற்று மனுஷர்.

அடுத்து காதர். தணிகாசலம் கம்பத்தில் ஏறிக் கொடி கட்டிய காலத்தில் கீழே நின்று ஏணியைப் பிடித்தவர். முப்பது வருஷப் பழக்கம். வட்டச் செயலாளர் பதவியே அண்ணன் வாங்கிக் கொடுத்ததுதான். அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பாலகணேஷ் படம் போட்ட அட்டை தொங்கியது. தேவானையைக் கண்டதும் அட்டையைச் சட்டைக்குள் தள்ளினார்.

"அண்ணி, அண்ணனுக்காக இன்னா வேணாலும் செய்வேன். ஆனா மூணு மாசமா கை ஒரே நடுக்கம். பேனாவே புடிக்க முடில."

அப்படிச் சொன்னபோது அவர் கையில் விளிம்பு வரைக்கும் டீ நிறைந்த கிளாஸ் இருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"உடம்பப் பாத்துக்கோ காதரு," என்று சொல்லிவிட்டு தேவானை திரும்பி நடந்தாள்.

மாம்பலத்துச் சந்துகளில் ஏறி இறங்கியதில் இன்னும் இரண்டு கிடைத்தது. மகளிரணியில் இருந்து ஓரங்கட்டப்பட்ட ஒரு கிழவி, அவளுடைய மருமகள். கிழவி அண்ணன் மேல் பாசத்தில் போட்டாளா, கருணாகரன் மேல் இருந்த கடுப்பில் போட்டாளா, தெரியாது. போட்டாள். மற்ற வீடுகளில் எல்லாருக்கும் திடீரென்று வெளியூர்ப் பயணம் வந்துவிட்டது.

"இதுங்க கெடக்குது. வா பனந்திட்டுக்கு," என்றாள் தேவானை. இருவரும் ஆட்டோ பிடித்தார்கள்.

பனந்திட்டு சைதாப்பேட்டைப் பாலத்துக்குக் கீழே, அடையாற்றை ஒட்டி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தணிகாசலம் பிறந்தது அங்கே. தேவானை வாழ வந்தது அங்கே. அங்கேயிருந்துதான் அவர் கவுன்சிலர் ஆனார், அப்புறம் எம்எல்ஏ ஆனார். முதல் தடவை சபையில் எழுந்து நின்று பனந்திட்டுப் பெண்களுக்குக் கக்கூஸ் கேட்டுச் சண்டை போட்டு வாங்கியே விட்டார். இரண்டாவது தடவை ஆளுங்கட்சி. அமைச்சர் பதவி இதோ வருகிறது, அதோ வருகிறது என்று யாரோ காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஐந்து வருஷத்தில் அவர் மேசையைத் தட்டக் கற்றுக்கொண்டார்.

ஆற்றங்கரையைச் சுத்தம் செய்யப் போகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோதும் மேசையைத் தட்டினார். "என் மேல ஏத்திட்டுத்தான் பனந்திட்டு மேல ஏத்தணும்" என்று ஒரு காலத்தில் மைக் பிடித்து முழங்கியவர், வீடுகளை இடித்த அன்றைக்குச் சபையில் இருந்தார். போன் அணைத்து வைத்திருந்தது. சனங்களை பஸ்ஸில் ஏற்றி பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக்குக் கொண்டு போனார்கள்.

இப்போது அங்கே கம்பி வேலியும் ஒரு நடைபாதையும் இருந்தன. பூங்கா விரைவில் திறக்கப்படும் என்ற பலகையைச் செடி மூடிவிட்டது. பாலத்தை ஒட்டி ஏழெட்டு வீடு மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம் தப்பியிருந்தது. அதில் ஒன்று நஸ்ருன்னிசாவுடையது. வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். தேவானையும் அவளும் ஒரே குழாயடியில் குடம் வைத்துச் சண்டை போட்டுச் சிநேகமானவர்கள்.

"வாக்கா! இன்னா இந்தப் பக்கம், வழி தெரிஞ்சிதா?" என்று கரிப்பெட்டியை ஓரமாக வைத்தாள் நஸ்ருன்னிசா. ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். மணிமொழியின் கன்னத்தைக் கிள்ளினாள். டீ சொல்லி அனுப்பினாள். விஷயத்தைக் கேட்டதும் கை நின்றுவிட்டது.

"இன்னாது, மாற்று வேட்பாளரா?"

"ஆமாண்டி. அதுக்குத்தான் சுயேச்சையா நிக்கலாம்னு..."

"அக்கா, எங்காளுங்கள பஸ்ஸுல ஏத்தறப்போ இவரு இன்னா சொல்லி அனுப்னாரு, நெனப்புக் கீதா? 'மாற்று எடம் தராங்க, நல்லா கீது, போங்க'ன்னாரு. மாற்று எடம்! இன்னிக்கு அவரையே மாற்றுல ஒக்கார வெச்சிட்டாங்களா? நல்லா வேணும்."

தேவானை தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னதில் பொய் ஒன்றுமில்லையே.

"நான் கேக்கறேண்டி நஸ்ரு. எனக்காவ போடு."

"நீ கேட்டா உசுரக் குடுப்பேன்க்கா. அந்தாளுக்குக் கையெழுத்து குடுக்க மாட்டேன்." நஸ்ருன்னிசாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்கக்கா அஃப்சரு பெரும்பாக்கம் போய்த்தான் செத்தா. நெஞ்சு வலின்னு ரெண்டு பஸ்ஸு மாறிக் கூட்டியாரதுக்குள்ள போய்ட்டா. இங்க இருந்திருந்தா ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு நானே தூக்கினு ஓடியிருப்பேன். நீ டீயக் குடி. ஆறிப்போவுது."

குடித்தார்கள். வேறு என்ன செய்ய முடியும்? மற்ற வீடுகளிலும் கதவு தட்டினார்கள். ஒரே ஒரு கையெழுத்து கிடைத்தது. ஒரு வாடகைக்காரன், ஆள் யார் என்றுகூடக் கேட்காமல் போட்டான்.

பாலத்தின் மேல் வெயிலில் நின்றாள் தேவானை. வாய் காய்ந்து போயிற்று. அப்போதுதான் ஆரோக்கியமேரி ஞாபகத்துக்கு வந்தாள்.

பனந்திட்டில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு ஆரோக்கியமேரி. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்றவள். தணிகாசலத்துக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி. முதல் தேர்தலில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே வீடு வீடாக ஓட்டுக் கேட்டவள். பெரும்பாக்கத்துக்கு மாறிப்போனாலும் அந்த வாஞ்சை மட்டும் மாறவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வாள். தேவானை உடனே அவளுக்குப் போன் போட்டாள்.

"அண்ணி! அண்ணனுக்கு அநியாயம் பண்ட்டானுங்களாமே! இங்க எங்க பிளாக்கே கொதிச்சிப் போய்க் கீது!" போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "பத்து பேரா? பத்து இன்னா அண்ணி, பஸ்ஸு ரொப்பிக் கூட்டியாறேன். வோட்டர் கார்டு எடுத்தாரணுமா? அல்லாரும் எடுத்தாருவோம். அண்ணன வெள்ள சட்ட போட்டுகினு ரெடியா இருக்கச் சொல்லு."

தேவானைக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான். நடுரோட்டில் மகள் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"பாத்தியாடி? நம்ம சனம் நம்ம சனம்தான்."

"அம்மா," என்று இழுத்தாள் மணிமொழி. "அவங்க வோட்டெல்லாம் இன்னும் இங்கதானே இருக்கு?"

"பின்ன எங்க போவும்? ஊட்டத்தான் இட்சாங்க. வோட்டையுமா இட்சாங்க?"

மண்டல அலுவலகத்துக்கு முன்னால் போலீஸ் தடுப்பு போட்டிருந்தது. வேட்பாளரோடு நாலு பேர்தான் உள்ளே போகலாம். தணிகாசலம் எதிர்சாரியில் ஒரு மரத்தடியில் நின்றிருந்தார். கஞ்சி போட்ட சட்டை, கறுத்த மீசை. பக்கத்தில் ஒருத்தர் இல்லை. ஒரு காலத்தில் அவர் கார் கதவைத் திறக்க நாலு பேர் அடித்துக்கொள்வார்கள்.

தேவானை மூச்சிரைக்க வந்து விஷயத்தைச் சொன்னாள். "ஆரோக்கியமேரி வந்துகினு கீறா. கூட நாப்பது அம்பது பேரு."

தணிகாசலம் அவளையே பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் தெருக்கோடியில் விசில் கேட்டது.

வந்துவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வந்தார்கள். பெண்கள், கிழவர்கள், இடுப்பில் பிள்ளை வைத்தவர்கள். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தவர்கள். முன்னால் ஆரோக்கியமேரி, கையில் ஒரு மாலை. "பனந்திட்டு சிங்கம்!" என்று அவள் கத்த, மற்றவர்கள் "தணிகாசலம்!" என்று பதில் கொடுத்தார்கள். போலீஸ்காரர் ஓடிவந்து தடுப்புக்கு அப்பால் நிறுத்தினார்.

மணிமொழி போனைக் கையில் எடுத்தாள். "அத்தை, கார்டைக் குடுங்க. நம்பரைப் போட்டுப் பார்த்துட்டுக் கையெழுத்து வாங்கிடலாம்."

"தோ பாரு," என்று ரவிக்கைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்தாள் ஆரோக்கியமேரி. கார்டு பளபளவென்று இருந்தது. "மேல கவரு கூடப் பிரிக்கல. அண்ணன் தன் கையால குடுத்த கார்டும்மா இது! மேடைல ஏத்தி, போட்டோ புட்சி, 'புது ஊட்டுக்குப் புது கார்டு'ன்னு சொல்லிக் குடுத்தாரு. எங்காளு அத்த சாமி படத்தாண்டதான் வெச்சிருப்பாரு."

மணிமொழி நம்பரை அழுத்தினாள். திரையைப் பார்த்தாள். இன்னொருவர் கார்டை வாங்கினாள். இன்னொன்று. இன்னொன்று. அப்புறம் போனை மெதுவாகத் தாழ்த்தினாள்.

"எல்லாருக்கும் பெரும்பாக்கத்துத் தொகுதின்னுதான் வருது, நம்ம தொகுதி இல்ல," என்றாள் அம்மாவிடம் மட்டும் கேட்கும்படி.

தேவானைக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. பெரும்பாக்கத்தில் பந்தல் போட்டு விழா நடந்தது. அமைச்சர் வந்திருந்தார். அவர் முன்னால் நல்ல பெயர் வாங்க வேண்டுமென்று, ஒரு மாசமாக ஆட்களை விட்டு வீடு வீடாக மனு எழுத வைத்து, பனந்திட்டுச் சனம் அத்தனை பேரின் ஓட்டையும் புது விலாசத்துக்கு மாற்றிக் கொடுத்தது தணிகாசலம்தான். "ஒரு வோட்டு விடுபடக் கூடாது" என்று போனில் விரட்டிக்கொண்டே இருந்தார். அமைச்சர் முதுகில் தட்டிக்கொடுத்தார். தேவானையும் மேடையில் இருந்தாள். அவளுக்கும் ஒரு சால்வை போட்டார்கள். எத்தனையோ விழாவில் அது ஒரு விழா என்று மறந்தே போய்விட்டாள்.

மற்ற ஊர்களில் வீட்டை இடித்தாலும் ஓட்டு பழைய இடத்திலேயே வருஷக்கணக்கில் கிடக்கும். தன் ஓட்டைத் தானே முன்நின்று வேரோடு பிடுங்கி அடுத்த தொகுதிக்காரன் வயலில் நட்டுக் கொடுத்த மகராசன் இந்த ஊரிலேயே இவர் ஒருத்தர்தான்.

காலையில் மீசையில் பிரஷ் ஏன் நின்றது என்று அவளுக்குப் புரிந்தது. அவருக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அவளை அலைய விட்டிருக்கிறார். ஒருவேளை அவரும் ஏதாவது அதிசயம் நடக்காதா என்று நப்பாசைப்பட்டிருக்கலாம். கோபப்படக்கூடத் தெம்பில்லை அவளுக்கு.

மணிமொழி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். தணிகாசலம் அவள் கையைப் பிடித்தார்.

"சொல்லாதம்மா."

"நைனா, எவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்காங்க..."

"அதான் சொல்லாதன்றேன்."

அந்த நேரம் பார்த்து பாலகணேஷின் வண்டி வந்து நின்றது. கருணாகரன் முன்னால் இறங்கினார். மரத்தடியையும் கூட்டத்தையும் மணிமொழி கையிலிருந்த படிவத்தையும் ஒரே பார்வையில் அளந்துவிட்டார். நாற்பது வருஷ அரசியல்வாதிக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

"அண்ணே, டைம் ஆவுது. உங்க மனு தயாரா இருக்கு. வாங்க," என்றார், எதுவும் நடக்காதது போல.

பாலகணேஷ் கும்பிட்டுக்கொண்டே வந்தான். நல்ல பிள்ளைதான். அதுதான் தேவானைக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க கூட இருந்தாத்தான் எனக்குத் தைரியம். வெயில்ல நிக்கீங்களே. அம்மா, சாப்பிட்டீங்களா?"

கருணாகரன் தேவானையின் பக்கம் திரும்பினார். "அண்ணன் மனுவ முன்மொழியறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க தங்கச்சி. ஆனா நீ போட்டாத்தான் நல்லா இருக்கும். மனஸ்தாபம் ஒண்ணும் இல்ல, குடும்பமே சம்மதிச்சுதுன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். ஒரே ஒரு கையெழுத்து."

பத்துக்கு அலைந்தவளிடம் ஒன்று கேட்டார்.

தேவானை புருஷனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லு, வேணாம்னு சொல்லு, இப்படியே ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போயிடலாம். கண்ணாலேயே கெஞ்சினாள். தணிகாசலம் கீழே பார்த்துக்கொண்டு, "போடு தேவான," என்றார். "அடுத்த வாட்டி எதுனா வாரியம், கீரியம்னு பாக்கலாம்னு சொல்லிக் கீறாங்க."

அவள் உள்ளே போனாள். மேசைமேல் தாளை வைத்துக் காட்டிய இடத்தில் பெயரை எழுதினாள். பேனா முதலில் எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி எழுதினாள்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க வேட்பாளருக்கு என்ன வேணும்?"

"பொஞ்சாதி," என்றாள்.

அப்புறம் தணிகாசலம் எழுந்து நின்று உறுதிமொழி வாசித்தார். வீட்டுப் பேச்சு போய் மேடைத் தமிழ் வந்துவிட்டது அவருக்கு. குரல் கணீரென்று சுவரில் மோதியது. பக்கத்து மேசையில் இருந்த குமாஸ்தா கொட்டாவி விட்டுக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டினார். தேவானை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தன் கையாலேயே செய்துவிட்டாளே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

வெளியே வந்தபோது வெடிச் சத்தம் கேட்டது.

ஆரோக்கியமேரி கூட்டம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அண்ணன் உள்ளே போனார், அண்ணன் வெளியே வந்தார். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன தெரியும்? மாலை தணிகாசலத்தின் கழுத்தில் விழுந்தது. யாரோ அவரைத் தூக்கினார்கள்.

"மனுப் போட்டியா அண்ணே?"

"போட்டேன்."

"சின்னம் இன்னா குட்தாங்க? சொல்லு, ராவுக்குள்ள பிளாக்கு பிளாக்கா சொல்லிட்றோம்."

தணிகாசலம் தோள்களின்மேல் ஆடிக்கொண்டிருந்தார். கீழே கருணாகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணிமொழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நம்ம சின்னம்தான்," என்றார் தணிகாசலம். "எப்பவும் போல நம்ம சின்னம்தான்."

"சீட்டு திருப்பிக் குட்தாங்கடோய்!" என்று ஒருவன் அலறினான். விசில் பறந்தது. ஒரு கிழவர் தரையில் விழுந்து கும்பிட்டார். ஆரோக்கியமேரி தணிகாசலத்தின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் முகமெல்லாம் வேர்வையும் கண்ணீருமாக இருந்தது.

"அண்ணே, ஜெயிச்சதும் எங்கள இங்கியே திரும்பக் கொண்ணாந்துடுவ இல்ல?"

அத்தனை பேரும் நிமிர்ந்து அவர் வாயைப் பார்த்தார்கள். இத்தனை தூரம் அவர்கள் வந்தது இதைக் கேட்கத்தான் என்று தேவானைக்குத் தெரிந்தது. இல்லை என்று சொல்லிவிடு, சாமி, இதற்காவது இல்லை என்று சொல்லிவிடு.

"கண்டிப்பா," என்றார் தணிகாசலம்.

அவரை இறக்கி பாலகணேஷின் பிரசார வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது திரும்பி தேவானையைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"அண்ணி, நீ எங்ககூட வா," என்று ஆரோக்கியமேரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "நான் சொன்னா நம்ப மாட்டாளுங்க. நீயே வந்து உன் வாயால சொல்லு. ராவுக்கு மீன் கொழம்பு வெக்கறேன், துன்னுட்டுப் போ."

மணிமொழி "அம்மா, வேணாம்" என்று ஓடி வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலோர சீட்டை அவளுக்கென்று துடைத்துக் கொடுத்திருந்தார்கள். யாரோ பிரித்த மிட்டாய் ஒன்றை வாயில் ஊட்டினார்கள். தேவானை அதை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் ஆரோக்கியமேரி போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

"அல்லாரையும் கீழ எறங்கி வந்து நிக்கச் சொல்லு! நம்ம அண்ணி வந்துகினு கீறாங்க. பனந்திட்டுக்குத் திரும்பப் போறோம்டி!"